தோல் மருத்துவர் பதில்கள்: கத்தரிக்காயை விட்டும் தீராத அரிப்பு

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. தோட்டமும் கொஞ்சம் மேய்ச்சல் காடும் வைத்து விவசாயம் செய்கிறார். சில ஆண்டுகளாக வைகாசி பிறந்தால் முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் அரிப்பும் சிவந்த தடிப்பும் வருகின்றன; மார்கழியில் தணிந்துவிடும். இந்த முறை தணியவே இல்லை. கத்தரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை என எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துவிட்டோம். வேறு எதனால் இப்படி வருகிறது, டாக்டர்?
- வாசகி, காங்கயம்

பதில்: நம் பக்கத்தில் எந்த அரிப்பு வந்தாலும் முதலில் தண்டனை பெறுவது கத்தரிக்காய்தான். ஆனால், உணவால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தெரிந்துவிடும். அது வைகாசி, மார்கழி பார்த்து வருவதில்லை. நீங்கள் எழுதியுள்ள இடங்களையும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், வேலியோரத்திலும் வாய்க்கால் மேட்டிலும் வெள்ளைப் பூப்பூத்து நிற்கும் பார்த்தீனியம் செடியால் வரும் ஒவ்வாமைத் தோலழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது, 1950-களில் புணே பகுதியில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது.

செடியைத் தொட்டால்தான் வரும் என்பதில்லை. காய்ந்த இலை, பூ ஆகியவற்றின் துகள்களும் செடியின் நுண்ணிய மயிர்களும் காற்றில் பறந்து தோலில் படிகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி வரை வீசும் காற்றைப் பற்றி காங்கயத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பல ஆண்டுகள் அந்தச் செடியோடு புழங்கியும் ஒன்றும் ஆகாதிருந்தவருக்கு, உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஒரு கட்டத்தில் அதைப் பகையாக அடையாளம் கண்டுகொண்டால், அதன் பிறகு சிறிதளவு பட்டாலும் அரிப்பு தொடங்கிவிடும். பட்ட உடனே வராமல் ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வருவதால், திங்களன்று களை பிடுங்கியவர் புதனன்று தின்ற குழம்பின் மீது பழி போடுகிறார்.

அப்பாவை வெளிச்சத்தில் உட்கார வைத்து, மேலிமை, காது மடலின் பின்புறம், மோவாயின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். வெயிலால் மட்டும் வரும் அழற்சி நிழல் விழும் இந்த இடங்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். காற்றில் வரும் துகள் விடாது. உறுதி செய்ய ஒட்டுப் பரிசோதனை உண்டு: சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து எடுத்துப் பார்ப்பார்கள், மூன்றாம் அல்லது நான்காம் நாள் மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவில் காட்டி, இந்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். செவ்வந்தியும் சூரியகாந்தியும் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், சிலருக்குச் செவ்வந்தி மாலை கூட ஒத்துக்கொள்வதில்லை.

மார்கழியிலும் தணியவில்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் தோல் தடித்து, வெயிலையே தாங்க முடியாத நிலைக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அப்போது களிம்பு மட்டும் போதாது. உடலின் எதிர்ப்பு அணுக்களின் வேகத்தைக் குறைக்கும் அசத்தியோபிரின் போன்ற மாத்திரைகளைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதித்துக்கொண்டே கொடுப்போம். எனவே, தள்ளிப்போட வேண்டாம். நீர் கசியும் புண்ணில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதையும் நிறுத்திவிடுங்கள். அது எரிச்சலைக் கூட்டலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது செடியை அகற்றுவது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூ எடுக்கும் முன்பே, அப்பாவைத் தவிர வேறொருவர் கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். பயிர் இல்லாத தரிசில் மட்டும், லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துச் செடி நனையத் தெளிக்கலாம். அப்பா முழுக்கைச் சட்டை அணிந்து, காட்டிலிருந்து வந்ததும் முகம், கை, கழுத்தைக் கழுவி உடை மாற்ற வேண்டும். துவைத்த துணியை வேலி மேல் காயப்போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பார்த்தீனியத் துகள் படிந்த சட்டை நாள் முழுக்கக் கழுத்தை உரசிக்கொண்டிருக்கும். முட்டையும் நிலக்கடலையும் அவருக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். இரண்டு மாதமாக மாலையில் உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து, காலையில் சுவடில்லாமல் மறைகிறது. காணாக்கடி என்கிறார்கள். துணிச் சாயம் காரணமா? ரத்தத்தில் நிறையப் பொருள்களுக்கு ஒவ்வாமைப் பரிசோதனை செய்யலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: சாயத்தால் வரும் அழற்சி, பட்ட இடத்தில் நாள்கணக்கில் நிற்கும், இரவோடு இரவாக மறையாது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் கோடு மட்டும் மிஞ்சினால், அது அர்ட்டிகேரியா என்னும் தடிப்பு நோய். அதைத் தாண்டியும் நின்று, வலித்து, கன்றிய தழும்பை விட்டுச் சென்றால் வேறு சோதனை தேவை.

ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இந்த நோய்க்குப் பெரும்பாலானோரிடம் வெளிக் காரணம் எதுவும் இருப்பதில்லை. தோலின் அணுக்கள் தாமாகவே, அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. எனவே, அந்தப் பெரிய ரத்தப் பரிசோதனைக்கு அவசியமில்லை. அதில் ஒரு பொருளுக்கு எதிரே குறி விழுந்தாலும் அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. வீணாகச் சாப்பாடு குறைவதுதான் மிச்சம். ஹிஸ்டமினைத் தடுக்கும் செடிரிசின் போன்ற மாத்திரையை அரிக்கும்போது மட்டும் போடாமல், மருத்துவர் சொல்லும் காலம் வரை தினமும் போட வேண்டும். அடங்காவிட்டால் அவர் அளவைக் கூட்டுவார், நீங்களாகக் கூட்டாதீர்கள். தூக்கம் வந்தால் வண்டி ஓட்ட வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் தடிப்பைத் தூண்டக்கூடும்.

உதடோ நாக்கோ வீங்குதல், மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தலைசுற்றி விழுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வெற்றிலை மிளகு தேட நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள்; அப்போது தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி.

கேள்வி: கொத்தனாரான என் கணவருக்குக் கை வெடித்து அரிக்கிறது. மெடிக்கலில் கொடுத்த களிம்பைப் பூசினால் தணிகிறது, நிறுத்தினால் திரும்புகிறது.
- வாசகி, கோபி

பதில்: ஈரச் சிமென்டின் காரத்தன்மை தோலை அரிக்கும், அதிலுள்ள குரோமியம் ஒவ்வாமையைக் கிளப்பும். பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை அணியச் சொல்லுங்கள். உள்ளே கலவை புகுந்தால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கையுறை இல்லாததை விட மோசம். குரோமியத்தால் பதனிட்ட தோல் செருப்பும் சிலருக்குப் பாதத்தில் இதே அரிப்பைத் தரும்.

அந்தக் களிம்பில் ஸ்டீராய்டும் பூஞ்சைக் கொல்லியும் கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். படர்தாமரை இருந்தால் அது உருமாறி மறைந்து பரவும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் விதி வந்தும் விற்பனை நின்றபாடில்லை. தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.