வகுப்பில் பேராசிரியர் கட்சி அரசியல் பேசினால் என்ன செய்யலாம்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். மகள் அரசுக் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறாள். ஒரு பேராசிரியர் அடிக்கடி பாடத்தை விட்டுவிட்டு ஒரு கட்சியைத் திட்டுகிறாராம். இதைத் தடுக்க அரசு சட்டம் போட வேண்டாமா? இப்போதைக்கு நாங்கள் என்ன செய்வது?

பதில்: சட்டம் வேண்டாம் என்பேன். காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுநீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு என்ற இடத்தில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். உங்கள் சித்தூர் தாலுகாவின் வயலும் தென்னையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. 1970-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தை வகுப்பில் எடுத்தால், இரண்டு மாநில அரசுகளையும் குறை சொல்லாமல் நடத்த முடியுமா? எது பாடம், எது அரசியல் என்று பிரிக்கும் அதிகாரத்தை, அந்தத் தண்ணீர்த் தகராறில் ஒரு தரப்பாக நிற்கும் அரசிடமே கொடுத்தால், எதற்கு வம்பு என்று ஆசிரியர் அந்தப் பகுதியையே விட்டுவிடுவார். நட்டம் உங்கள் மகளுக்குத்தான்.

அதற்காக விதியே இல்லை என்று நினைக்காதீர்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர் கட்சி வேலை செய்வதை 1960-ஆம் ஆண்டின் கேரள அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. (அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிக்கவும் அவை தடை போடுகின்றன, ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அது ரொம்பவே அதிகம்.) மாணவர் கருத்துச் சொல்லும் உரிமையை மதிக்க வேண்டும், அவர்களின் அரசியல் சார்பைப் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளும் சொல்கின்றன.

சரி, மகளிடம் விசாரியுங்கள். மறுத்துப் பேசியவர்களை மட்டம் தட்டினாரா? இன்டர்னல் மார்க்கில் கை வைத்தாரா? கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாரா? போர்ஷன் பாதியில் நிற்கிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். அவர் கருத்து பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றால் அவள் வகுப்பிலேயே எழுந்து பதில் சொல்லட்டும்.

புகார் என்றால் தேதி, எந்த பீரியட், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றன்றே குறித்து வைக்கச் சொல்லுங்கள். ரகசியமாக வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட வேண்டாம்; முன்பின் நறுக்கிய துண்டு ஒருவர் வேலைக்கே உலை வைத்துவிடும். முதலில் துறைத் தலைவரிடம் பேசுங்கள். அப்புறம், 2023 யுஜிசி விதிகளின்படி அமைந்த மாணவர் குறைதீர்க் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், அரசமைப்பின் 350-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கூடவே மலையாளத்தில் ஒரு நகல் வைத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும்.