கருகிய கேக் தட்டுக்குப் புளியா, சோடாவா?

கேள்வி: கேக் செய்யும் அலுமினியத் தட்டு, ஓவனோடு வந்த கறுப்புத் தட்டு, நான்ஸ்டிக் மஃபின் தட்டு மூன்றிலும் கறையும் கருகலும் பிடித்துவிட்டன. ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா? வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே சுத்தம் செய்ய முடியுமா?

பதில்:

வீட்டுப் பொருளே போதும். ஆனால் சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் பொங்கும். பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அதற்குக் கறையை எடுக்கும் வலு இல்லை. ஒரு தேக்கரண்டி சோடாவின் வலுவை முறிக்க 5 சதவீத வினிகர் சுமார் 70 மில்லி போதும். நுரை பொங்குவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நினைக்கிறோம். அந்த நுரை வெறும் கரியமில வாயு. லேசாக ஒட்டியிருக்கும் துகளை வேண்டுமானால் அது கிளப்பிவிடும், அவ்வளவுதான்.

காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து கொடுக்கிறேன். தட்டுகள் தினமும் கழுவும் தொட்டிக்கு வருகின்றன. அதனால் இந்த விஷயத்தில் எனக்குத் திடமான ஒரு கருத்து உண்டு: கறையைப் பார்ப்பதற்கு முன் தட்டு எந்த உலோகம் என்று பாருங்கள். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்த முறையே இதுதான். பித்தளையும் செம்பும் ஒரு பக்கம், அவற்றுக்குப் புளி. எண்ணெய்ப் பிசுக்கேறிய இரும்புச் சட்டி இன்னொரு பக்கம், அதற்கு அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும். விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட் என்கிற காரம். புளியில் இருப்பது டார்ட்டாரிக் அமிலம். உலோகத்தின் மேல் படிந்த களிம்பை அமிலம் கரைக்கும். எண்ணெயைக் காரம் உடைக்கும். புளியையும் சாம்பலையும் யாரும் ஒன்றாகக் குழைத்ததில்லை.

உங்கள் மூன்று தட்டுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். அலுமினியத்துக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இணையத்தில் வரும் யோசனைகளில் அதிகம் பாழாவது அதுதான்.

பாத்திரக் கடையில் வாங்கும் கேக் தட்டுகளில் பெரும்பாலானவை அலுமினியம். சந்தேகம் இருந்தால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாது, கையில் எடுத்தால் கனமும் இருக்காது. இந்த உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அதுதான் அதற்குக் காவல். சோடா போட்டுக் கொதிக்க வைத்தால் அந்தப் படலம் கரைந்து தட்டு சாம்பல் நிறமாகவும் பிறகு கறுப்பாகவும் மாறிவிடும். ஆப்ப சோடாவைக் கொதிக்க வைக்கும்போது அது மெல்ல மெல்லச் சலவைச் சோடாவாக மாறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. சலவைச் சோடா இன்னும் கடுமையான காரம். கடையில் விற்கும் ஓவன் கிளீனர்கள் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவையே கிளப்பும். ஆகவே அலுமினியத்துக்குக் கொதிக்கும் சோடா வேண்டாம், சலவைச் சோடா வேண்டாம், ஓவன் கிளீனர் வேண்டவே வேண்டாம்.

என்ன செய்யலாம்? கருகியது சர்க்கரை என்றால் முதலில் வெறும் வெந்நீர். அன்னாசிக் கேக்குக்குத் தட்டின் அடியில் ஊற்றிய சர்க்கரைப் பாகு மூலையில் வழிந்து கருகியிருக்கும். தட்டைச் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் கண்ணாடிபோல் பளபளக்கும் பழுப்பும், அதற்கு உள்ளே மங்கலான கறுப்பும் தெரியும். பளபளக்கும் பகுதி இன்னும் சர்க்கரைதான், தண்ணீரில் கரையும். கறுப்புப் பகுதி கரியாகிவிட்டது, கரையாது. ஆனால் அதைப் பிடித்து வைத்திருப்பதே பக்கத்தில் இருக்கும் அந்தப் பாகுதான். கொதிக்கும் தண்ணீரைத் தட்டு நிறைய ஊற்றி, ஆறும்வரை கை வைக்காமல் விடுங்கள். தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வரும். பிறகு மரக்கரண்டியின் விளிம்பால் ஓரத்தில் நெம்பினால் கருகல் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். நான் தேய்க்கும் வேகத்தைப் பார்த்து எங்கள் அப்பத்தா, "ஏன் ஆத்தா அதோடு மல்லுக்கட்டுகிறாய்? தண்ணீரை ஊற்றி வை, அதுவே விட்டுவிடும்" என்பார்கள். சர்க்கரைக் கருகலுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

எண்ணெய், வெண்ணெய்ப் பிசுக்கு என்றால், பாத்திரம் கழுவும் திரவத்தை வெந்நீரில் கலந்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். அதற்கும் அசையாத இடத்தில் மட்டும் ஆப்ப சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்துத் தடவி, கால் மணி நேரத்தில் மென்மையான நாரால் துடைத்து நன்றாக அலசிவிடுங்கள். சூடு இல்லாமல், கொஞ்ச நேரம் மட்டும் என்றால் ஆப்ப சோடா அலுமினியத்தை அதிகம் சீண்டாது. இரவு முழுவதும் விடுவது கூடாது.

ஏற்கெனவே கறுத்துப்போன அலுமினியத்துக்குத்தான் புளி. ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். தட்டு அடுப்பில் வைக்கும் அளவாக இருந்தால், தண்ணீரில் அந்தச் சக்கையைப் போட்டுப் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். எலுமிச்சைத் தோலும் இதே வேலையைச் செய்யும். கேக் செய்பவர்கள் வீட்டில் இருக்கும் கிரீம் ஆஃப் டார்ட்டரும் புளியின் அமிலத்திலிருந்து வரும் உப்புதான், அதுவும் உதவும். தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அதுவரை தட்டு வெளுத்து, கோடு போட்டதுபோல் தெரியும். இறக்கி உடனே அலசுங்கள். புளியும் உப்பும் சேர்த்து அலுமினியத்தில் இரவெல்லாம் விட்டால் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். உலோகம் அரிக்கப்படுவதைப் பற்றியும் ஆராயும் ஒரு நிறுவனம் எங்கள் ஊரில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். ஊர்க்காரர்களுக்குச் சிக்ரி. கப்பலும் பாலமும் அரிக்கப்படுவதற்கும் நம் கேக் தட்டில் குழி விழுவதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றுதான்.

கேரமல் புட்டிங் செய்யும்போது கீழே வெந்நீர் ஊற்றி வைக்கும் தட்டும் இப்படித்தான் கறுக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் வெள்ளைப் படிவும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு துண்டு எலுமிச்சையைப் போட்டுவிட்டால் இரண்டும் வராது.

அடுத்தது ஓவனோடு வந்த கறுப்புத் தட்டு. அது பெரும்பாலும் எனாமல் பூசிய இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்யப் போன ஆட்கள் கப்பலில் கொண்டுவந்த எனாமல் தூக்குகளும் தட்டுகளும் இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கின்றன. இவ்வளவு காலம் கழித்தும் நிறம் மங்காமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்ணாடிதான். காரம் அதை எளிதில் தொடாது. எனவே சோடாவை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆப்ப சோடாவைக் கெட்டியாகக் குழைத்துக் கருகல் மேல் பூசி, ஈரத்துணி ஒன்றை மேலே போட்டு இரவு முழுவதும் விடுங்கள். துணி போடாவிட்டால் குழம்பு காய்ந்து வேலையை நிறுத்திவிடும். காலையில் வெந்நீர் விட்டுத் துடைத்தால் பழுப்புத் தண்ணீராக இறங்கும். அப்படியும் போகாவிட்டால் தட்டில் வெந்நீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா போட்டு, ஓவனிலேயே அரை மணி நேரம் சூடாக்குங்கள். துருப்பிடிக்காத எஃகுத் தட்டுக்கும் இதே வழிதான். எனாமலில் கம்பி நார் போடாதீர்கள், சூடான தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் போடாதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டால் அந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். சில்லு பெயர்ந்த பழைய எனாமல் தட்டு அலங்காரத்துக்கு நல்லது, சமையலுக்கு வேண்டாம்.

பேக்கிங் பவுடரைக் கொட்டிச் சுத்தம் செய்யப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் சோடாவோடு அமில உப்பும் மாவும் முன்பே கலந்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். காசு விரயம்.

நான்ஸ்டிக் மஃபின் தட்டில் தேய்ப்பதற்கே இடமில்லை. ஒவ்வொரு குழியிலும் வெந்நீர் ஊற்றி, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டு, ஒரு மணி நேரம் விட்டு மெல்லிய ஸ்பாஞ்சால் துடையுங்கள். முட்டையோ பாலாடைக்கட்டியோ ஒட்டியிருந்தால் முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு வெந்நீர். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால் அது வெந்து இன்னும் கெட்டியாகும். பூச்சு உரிந்துவிட்டதென்றால் எந்தப் பொருளும் அதைத் திரும்பக் கொண்டுவராது. அந்தத் தட்டை மாற்றிவிடுங்கள். 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அந்தப் பூச்சே சிதையத் தொடங்கும், அதனால் வெறும் தட்டை ஓவனில் விட்டுச் சூடேற்ற வேண்டாம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடமும் இதைச் சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் கறை போகவேண்டுமே என்ற அக்கறையில் கம்பி நாரைத்தான் எடுப்பார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் பணியாரக் கல்லில் குட்டிக் கேக் செய்யும் வழக்கம் பரவிவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்புக் கல்லுக்குச் சோடா கொதிநீரும் ஆகாது, புளியும் ஆகாது. இரண்டும் அதைப் பழக்கியெடுத்த எண்ணெய்ப் பூச்சைத் தின்றுவிடும். குழிகளில் கல்லுப்பும் கொஞ்சம் நல்லெண்ணெயும் விட்டுத் தேங்காய் நாரால் சுழற்றித் தேய்த்து, வெந்நீரில் அலசி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாக் கறையையும் எடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல காலம் உழைத்த தட்டில் தேன் நிறத்தில், வழவழப்பாக ஒரு படலம் இருக்கும். தொட்டால் பிசுபிசுக்காது, மணக்காது, விரல் நகத்துக்கு வராது. அது அழுக்கு அல்ல. சூட்டில் எண்ணெய் இறுகி, நம் வீட்டுத் தேக்குக் கதவின் வார்னிஷ்போல் உறைந்துவிட்ட படலம். உணவுக்கு அதனால் கெடுதல் இல்லை. அதை எடுப்பதற்காகத் தட்டையே கீறினால், அந்தக் கீறல்களில்தான் அடுத்த கேக் ஒட்டப்போகிறது. தட்டு கறுத்திருந்தால் சூட்டை அதிகம் உறிஞ்சும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, ஓவன் சூட்டை ஒரு 10 அல்லது 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கேக்கின் ஓரம் தீயாது. பிசுபிசுக்கும் படலம் வேறு; அது பாதி இறுகிய எண்ணெய், அதை எடுத்தே ஆக வேண்டும். மேலே சொன்ன சோடாக் குழம்பு அதற்குத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கறை போகவில்லை என்ற எரிச்சலில் பிளீச்சிங் பவுடரையோ, கழிப்பறைக்கு வாங்கிய ஆசிடையோ எடுக்காதீர்கள். பிளீச்சோடு வினிகரோ புளியோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

இன்றிரவு செய்ய வேண்டியது: கறுப்புத் தட்டில் சோடாக் குழம்பைப் பூசி ஈரத்துணி போட்டுவிட்டுத் தூங்குங்கள். மஃபின் தட்டில் வெந்நீர் ஊற்றி ஊற வைத்து, படுக்கப் போகுமுன் துடைத்துவிடுங்கள். அலுமினியத் தட்டை நாளை ரசம் வைத்த பிறகு எடுத்தால் போதும், புளிச் சக்கை அப்போதுதான் கிடைக்கும். மூன்றையும் கழுவி முடித்ததும் கொஞ்ச நேரம் வெயிலில் காயவைத்து, அடுக்கும்போது நடுவில் ஒரு தாள் போட்டு வையுங்கள். அடுத்த முறை கேக் வைக்கும்போது மூலைகளில் எண்ணெய் தேங்காமல் துடைத்துவிட்டு மாவை ஊற்றுங்கள், கருகல் தொடங்குவது பெரும்பாலும் அந்த நான்கு மூலைகளில்தான்.