பழைய கன்சோலில் ஆடிய ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்காக இன்றும் மனம் ஏங்குவது ஏன்?

முன்பின் தெரியாதவர்களோடு பழைய கன்சோல்களில், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவிகளில், ஆன்லைனில் ஆடிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை நினைத்துப் பலரும் ஏங்குகிறார்களே, அவை உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்தனவா, அல்லது கழிந்துபோன இளமையைத்தான் அவற்றின் பெயரில் தேடுகிறார்களா என்பது கேள்வி. பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்த காலத்தில் பெரும்பாலான மாலைப் பொழுதுகளை அவற்றிலேயே கழித்தவன் நான். இளமைக்கும் அந்த ஏக்கத்தில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பங்கு அந்த விளையாட்டுகள் கட்டப்பட்டிருந்த விதத்துக்கே உரியது என்பது என் உறுதியான கருத்து. அறிமுகமில்லாத மனிதர்களை ஒரே இடத்தில் நெடுநேரம் சேர்த்து வைத்திருக்கும் அமைப்பு அவற்றில் இருந்தது. பின்னால் வந்தவை அழகிலும் வேகத்திலும் வளர்ந்துகொண்டே, அந்த அமைப்பின் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டன.

2007 நவம்பரில் வெளியான 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள், சாகாமல் தொடர்ந்து 3 பேரை வீழ்த்தினால் எதிரிகளைக் காட்டும் ரேடார், 5 பேருக்கு வான்தாக்குதல், 7 பேருக்கு ஹெலிகாப்டர் என்ற வரிசையையும், 55-ஆம் நிலையை எட்டியபின் சேர்த்ததையெல்லாம் துறந்து மீண்டும் அடியிலிருந்து ஏறும் பிரஸ்டீஜ் முறையையும் சொல்வார்கள். அவை புகழுக்கு உரியவைதாம். எனக்கோ அந்த விளையாட்டு என்றாலே ஓர் ஆட்டத்துக்கும் மறு ஆட்டத்துக்கும் இடையில் எல்லோரும் காத்திருக்கும் அறையான லாபிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைக்கப்படாது. அதே பெயர்கள் அதே பட்டியலில் நிற்க, இரு அணிகளும் கலக்கப்பட்டுப் புதிதாகப் பிரிக்கப்படும். 'கிராஸ்ஃபயர்' மேப்பில், அதாவது அந்தப் பெயருள்ள ஆடுகளத்தில், மாடி ஜன்னலில் பதுங்கியிருந்து என்னைத் திரும்பத் திரும்ப வீழ்த்தியவர், அடுத்து வரும் 'பேக்லாட்' மேப்பில் என் அணியில் சேர்ந்து எனக்கே காவலாக நிற்பார். சாகும்போது காலடியில் கைக்குண்டை நழுவவிடும் 'மார்ட்டர்டம்' சலுகையை நம்பியே ஆடுகிறவரை எல்லோரும் பெயர் சொல்லிக் கடிந்துகொள்வார்கள். அவர் அதை மாற்றிக்கொள்கிறாரா, வீம்புக்கு அதையே வைத்துக்கொள்கிறாரா என்பது அடுத்த ஆட்டத்தில் தெரிந்துவிடும். விளையாட்டை உருவாக்கியவர்கள் எழுதிவைக்காத இப்படிப்பட்ட மரியாதைகளை அந்த லாபிகள் தாமாகவே வகுத்துக்கொண்டன. நீண்ட தூர ரயிலில் ஒரே பெட்டியில் வருகிறவர்களிடையே உண்டாகும் பழக்கத்தைப் போன்றது அது. பெயருக்கு மேல் எதுவும் தெரியாது, ஆனாலும் ஒருவர் இறங்கிப் போனால் அந்த இடம் வெறிச்சென்று இருக்கும்.

இந்தப் பழக்கம் உருவாவதற்குப் பிளேஸ்டேஷன் 3-இன் ஒரு குறையும் காரணமாக இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போட்டிக் கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இல் 2008 நவம்பரில் பார்ட்டி சாட் வந்தது. நண்பர்கள் 8 பேர் வரை, யார் எந்த விளையாட்டில் இருந்தாலும், தங்களுக்குள் தனியாகப் பேசிக்கொள்ள முடிந்தது. பிளேஸ்டேஷன் 3-இல் அந்த வசதி கடைசிவரை வரவில்லை. அந்தக் கன்சோலின் நினைவகம் 256 எம்பி வீதம் இரண்டு பகுதிகள்தாம். பெரும்பகுதி விளையாட்டுக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால், எல்லா விளையாட்டுகளின் பின்னணியிலும் ஓடும் குரல் இணைப்பைப் பின்னாளில் புகுத்த இடமில்லாமல் போயிற்று. அதன் விளைவாக, நண்பனோடு பேச விரும்பினாலும் விளையாட்டுக்குள் இருந்த பொதுக் குரல் வழியிலேயே பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு அணியில் இருந்த அந்நியர்களின் காதிலும் விழுந்தது, அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். சாதாரணக் கைப்பேசி புளூடூத் ஹெட்செட்டையே அந்தக் கன்சோலில் இணைத்துக்கொள்ள முடியும் என்பதால் பேசுகிறவர்களுக்கும் குறைவில்லை. குரல் கரகரவென்றுதான் கேட்கும், யாரோ ஒருவரின் வீட்டு மின்விசிறி விடாமல் இரைந்துகொண்டிருக்கும். ஆனாலும் 'இடப்பக்கம் இருவர்', 'படிக்கட்டில் ஒருவன்' என்பதற்கு மேல் தெளிவு தேவைப்படவில்லை. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் பார்ட்டி சாட் முதல் நாளிலிருந்தே இருந்தது. அது நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆட்டத்துக்குள் நுழைந்தால் பெரும்பாலும் மௌனமே எதிர்கொண்டது, ஏனென்றால் ஒவ்வொருவரும் தம் நண்பர்களோடு தனி அறையில் இருந்தார்கள்.

என் மனம் மிகவும் ஏங்குவது 2009 பிப்ரவரியில் வந்த 'கில்ஜோன் 2' விளையாட்டுக்குத்தான். ஆம்ஸ்டர்டாமில் உள்ள கெரில்லா கேம்ஸ் உருவாக்கிய அதில் 32 பேர் வரை ஒரே களத்தில் ஆடலாம். அதன் 'வார்ஜோன்' முறையில் ஓர் ஆட்டத்துக்குள்ளேயே 5 விதமான பணிகள் மாறி மாறி வரும்: எதிரிகளை வீழ்த்திக் கணக்கை உயர்த்துவது, இடங்களைப் பிடித்து வைத்திருப்பது, ஒரு பொருளைத் தேடி எடுத்துக்கொண்டு வருவது, எதிரியின் இலக்கைத் தகர்ப்பது, இவற்றோடு எதிரணியில் குறிக்கப்பட்ட ஒரே ஒருவரைக் கொல்வது. இந்தக் கடைசிப் பணியில் நம் அணியில் இலக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர் யாராகவும் இருக்கலாம். நேற்றுதான் விளையாட்டை வாங்கிய புதியவராகவும் இருக்கலாம். அந்த நிமிடமே அணி முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டு, எங்கே பதுங்க வேண்டும், எந்த மூலையை விட்டு நகரக்கூடாது என்று ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கும். திறமையில் கடைசியில் இருப்பவருக்காக முதலிடத்தில் இருப்பவர் தன் உயிரைக் கொடுத்துக் காவல் நிற்க வேண்டிய கட்டாயத்தை, புள்ளிப்பட்டியலைப் பற்றிக் கவலைப்படவிடாத அந்தக் கட்டாயத்தை, அதற்கு முன்னும் பின்னும் நான் ஆடிய எந்த விளையாட்டும் இவ்வளவு இயல்பாக உண்டாக்கவில்லை.

அதில் இருந்த பணிப் பிரிவுகளும் மனிதர்களை ஒருவரையொருவர் நாடச் செய்தன. மெடிக் விழுந்துகிடக்கும் தோழரை எழுப்புவார். டாக்டிஷியன் புகைக்குண்டு எறிந்து, வீழ்ந்தவர்கள் மீண்டும் களமிறங்க முன்னணியிலேயே ஓர் இடத்தை அமைத்துத் தருவார். சபோட்டர் எதிரணி வீரர் ஒருவரின் தோற்றத்தையும் பெயரையும் பூண்டுகொண்டு கூட்டத்தில் கலப்பார். இந்தச் சபோட்டரால்தான் குரலுக்கு மதிப்புக் கூடியது. அருகில் வந்து நிற்கிற வீரர் உண்மையில் நம்மவர்தானா என்று கண்ணால் சொல்ல முடியாதபோது, ஹெட்செட்டில் அவர் பெயரைச் சொல்லி 'எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்பதே உறுதியான வழியாக இருந்தது. வயதில் மூத்தவர் என்று குரலிலேயே தெரிந்த ஒருவர் எப்போதும் மெடிக்காகவே ஆடுவார். சுடுவதில் அவர் கெட்டிக்காரர் அல்லர், ஆனால் 'எழாதே, வருகிறேன்' என்ற அவருடைய ஒரே வாக்கியத்தை நம்பித் தரையில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள் அனைவரும். ஆட்டங்களைப் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்து நுழையலாம் என்பதால் அவர் இருக்கும் ஆட்டத்தைத் தேடிப் போக முடிந்தது. குறி வைப்பதற்கே கன்ட்ரோலரில் பாரம் தூக்குவது போன்ற ஓர் எதிர்ப்பு அந்த விளையாட்டில் உண்டு. பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள், எனக்கு அது துப்பாக்கிக்கு எடை இருப்பதை உணர்த்திய நல்ல முடிவாகவே படுகிறது. வளைந்து வழுக்கும் எல்2, ஆர்2 பொத்தான்களை விட்டு, மேலே இருந்த ஆர்1 பொத்தானில் சுடப் பழகிய விரல், பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பொத்தானையே தேடுகிறது.

மற்றவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 3-உடன் 2006-இல் வந்த 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' முதல் நாளிலேயே 40 பேரை ஒரே களத்தில் இறக்கியது. 'வார்ஹாக்' 2007-இல் வந்தது. ஒரே தொலைக்காட்சியை நான்காகப் பிரித்து நால்வர் அமர்ந்து, அப்படியே ஆன்லைனில் இருக்கும் மற்றவர்களோடு மோதலாம் என்பது இன்று கேட்டாலும் வியப்பாக இருக்கிறது. 2010-இல் வந்த 'மேக்' 256 பேரை இறக்கியது: 8 பேர் கொண்ட குழுக்கள், நான்கு குழுக்களுக்கு ஒரு பிளாட்டூன், பக்கத்துக்கு நான்கு பிளாட்டூன்கள், ஒவ்வொரு படியிலும் ஆட்டக்காரர்களிலிருந்தே ஒரு தலைவர். அதன் காட்சியழகு சுமார்தான். ஆனால் முகம் தெரியாத ஒருவர் கட்டளையிட, அதை 127 பேர் பொருட்படுத்திய நாட்களும் உண்டு என்பதை நேரில் இருந்து கேட்டவனாகச் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தன என்று நான் சொல்லவில்லை. தனி சர்வர் இல்லாத பல விளையாட்டுகளில் ஆட்டக்காரர் ஒருவரின் கன்சோலே ஹோஸ்டாக, அதாவது எல்லோரையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் கருவியாக, இயங்கும். அவர் சுட்டது உடனே படும், தொலைவில் இருப்பவர் சுட்டது தாமதமாகப் போய்ச் சேரும், தோற்கும் நிலையில் அவர் எழுந்து போனால் ஆட்டமே அறுந்துவிடும். இதைவிடப் பெரிய குறை பொதுக் குரல் வழியிலேயே இருந்தது. பெண் குரலோ சிறுவர் குரலோ கேட்டவுடன் வசை பொழிந்தவர்கள் இருந்தார்கள். அதனால் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமே வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் இந்தக் காலத்துக்கு எந்த இனிமையும் இருக்க நியாயமில்லை. எனக்கு வாய்த்த லாபிகளை வைத்துக்கொண்டு அவர்கள் பட்டதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. பார்ட்டி சாட்டுக்குள் மனிதர்கள் ஒதுங்கியதற்கு அந்த வசைகளும் ஒரு காரணம்.

அப்படி ஒதுங்கிய பிறகு லாபியும் மாறியது. 2019-இல் புதிதாக வந்த 'மாடர்ன் வார்ஃபேர்' விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் புதிய எதிராளிகள் தேடித் தரப்பட்டார்கள். தேடித் தரும் இயந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆட்டம் விரைவில் தொடங்குகிறது, எதிராளி ஏறக்குறைய நமக்கு நிகராக இருக்கிறார். ஆனால் அவரை மறுபடி சந்திக்க வழியில்லாததால் பழிதீர்க்கவோ பாராட்டவோ யாரும் மிஞ்சுவதில்லை. இளமைதான் இந்த ஏக்கத்துக்குக் காரணம் என்பவர்களுக்கு இதையே என் பதிலாக வைக்கிறேன். அதே வயதில் தனியாக ஆடிய கதை விளையாட்டுகளையும் நான் நேசித்தேன். அவற்றை இன்று எடுத்து ஆடினால் மனம் நிறைந்து அணைத்து வைத்துவிடுகிறேன், ஏக்கம் வருவதில்லை.

தனியாக ஆடுபவற்றை மீண்டும் எடுத்து ஆட முடிகிறது, இவற்றை முடியவில்லை என்பதும் ஒரு வேறுபாடு. 'மேக்' சர்வர்கள் 2014 ஜனவரியிலும், 'ரெசிஸ்டன்ஸ்' சர்வர்கள் அதே ஆண்டு ஏப்ரலிலும், 'கில்ஜோன் 2' சர்வர்கள் 2018 மார்ச்சிலும், 'வார்ஹாக்' சர்வர்கள் 2019 ஜனவரி முடிவிலும் நிறுத்தப்பட்டன. முழுக்க ஆன்லைனுக்காகவே செய்யப்பட்ட 'மேக்' போன்றவற்றின் டிஸ்க்கை இன்று கன்சோலில் இட்டால் ஆடுவதற்கு எதுவுமே இல்லை. பிற கன்சோல்களிலும் இதே கதைதான். முதல் எக்ஸ்பாக்ஸின் ஆன்லைன் சேவை 2010 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டபோது, 'ஹேலோ 2' ஆட்டத்தில் அப்போது இருந்த சிலர் இணைப்பை விடாமல், கன்சோலை அணைக்காமல், மே மாதம் வரை அதற்குள்ளேயே இருந்தார்கள். இதற்கு நேர்மாறான மகிழ்ச்சியும் ஒருமுறை கிடைத்தது: 2023 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 காலத்துக் 'கால் ஆஃப் டியூட்டி' விளையாட்டுகளில் நெடுநாளாகப் பழுதாகிக் கிடந்த, ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கும் மேட்ச்மேக்கிங் திடீரென்று சரிசெய்யப்பட்டது, செய்தி பரவியதும் பழைய ஆட்டக்காரர்கள் திரண்டு வந்தார்கள், பல ஆண்டு முந்தைய விளையாட்டுகள் விற்பனைப் பட்டியலில் மேலே ஏறின. கதவு திறந்திருந்தால் மனிதர்கள் வருகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

இவற்றை மீண்டும் ஆட விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பிளேஸ்டேஷன் 3-ஐ இன்னும் வைத்திருப்பவர்கள், 'வார்ஹாக்' போல லேன் முறை (ஒரே வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கன்சோல்கள் தமக்குள் இணையும் முறை) உள்ள விளையாட்டுகளை 'எக்ஸ்லிங்க் காய்' என்ற இலவச மென்பொருளின் உதவியோடு இணையத்தின் வழியே ஆடலாம். தொலைவில் இருக்கும் கன்சோல்களை ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பவை போல அது இணைத்துத் தருகிறது. கணினியில் ஆடுகிறவர்களுக்கு, பிளேஸ்டேஷன் 3 போலக் கணினியை இயங்கச் செய்யும் 'ஆர்பிசிஎஸ்3' எமுலேட்டரும், ஆன்லைன் சேவைக்கு மாற்றாக அதனோடு இயங்கும் 'ஆர்பிசிஎன்' என்ற சேவையும் இருக்கின்றன. எல்லா விளையாட்டுகளும் அதில் ஓடுவதில்லை, ஆகவே முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும், நினைத்த நேரத்தில் நுழைந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். ஆர்வலர் குழுக்கள் கூடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே அறிவிக்கின்றன. அந்த நேரத்தில் போங்கள், மறக்காமல் ஹெட்செட்டை இணைத்துக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் முதலில் நீங்களே பேசுங்கள்.