எடிசனிலிருந்து சென்னைக்கு: 11-ம் வகுப்புக் கணிதத்தில் மகள் திணறுவாளா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். மகள் இங்கே 10-ம் வகுப்பு முடிக்கப்போகிறாள். அல்ஜீப்ரா 2 ஹானர்ஸில் ஏ கிரேடு. ஜூன் கடைசியில் சென்னை திரும்பி, சிபிஎஸ்இ பள்ளியில் 11-ல் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்கவைக்க எண்ணம். பிறகு பொறியியல். ஒரு கல்வி ஆலோசகர், ‘அமெரிக்கக் கணிதம் நம்மைவிட இரண்டு வருடம் பின்னால். 9-ல் சேருங்கள், இல்லாவிட்டால் எங்கள் பிரிட்ஜ் கோர்ஸ், 90,000 ரூபாய்’ என்கிறார். என் தம்பியோ, ‘அங்கே பள்ளியிலேயே கால்குலஸ் நடத்துகிறார்கள், அவள்தான் முன்னால் இருப்பாள்’ என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் தவறு. தம்பியின் தவறால் உங்களுக்குப் பணச் செலவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மகளை 11-லேயே சேருங்கள். 9-ல் போடுவது வீண்.

இந்த ‘இரண்டு வருடம் பின்னால்’ எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சாதாரண மாணவர் 9-ல் அல்ஜீப்ரா 1, 10-ல் ஜியோமெட்ரி, 11-ல் அல்ஜீப்ரா 2 என்று போவார். கால்குலஸைத் தொடாமலே பள்ளியை முடித்துவிடுவார். ஆலோசகர் இந்த மாணவரை எடுத்து, நம் ஊரில் ஜேஇஇ கோச்சிங் போகும் பிள்ளையின் பக்கத்தில் நிறுத்துகிறார். உங்கள் தம்பி அங்கே ஏபி கால்குலஸ் (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) படிக்கும் பிள்ளையை எடுத்து, நம் ஊர்ச் சராசரி மாணவரின் பக்கத்தில் நிறுத்துகிறார். உங்கள் மகள் 10-லேயே அல்ஜீப்ரா 2 முடிக்கிறாள் என்றால், 8-லேயே அல்ஜீப்ரா 1 எடுத்திருக்க வேண்டும். அங்கேயே ஒரு வருடம் முன்னால் ஓடுகிறவள். ஆக, சராசரிக் கணக்கு எதுவுமே அவளுக்குப் பொருந்தாது.

சர்வதேசத் தரவரிசையை யாராவது காட்டினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். 2022 பிசா தேர்வில் கணிதத்தில் சிங்கப்பூர் 575, அமெரிக்கா 465. 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடு கலந்துகொண்டு வாங்கியது 351. 2022 சுற்று வரை இந்தியா மறுபடி எழுதவில்லை. இந்த எண்ணை நம்பினால் உங்கள் மகள் எவ்வளவோ மேலே இருக்க வேண்டும்! அது 15 வயதுப் பிள்ளைகள் கணிதத்தை நடைமுறை வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் தேர்வு. நம் பாடத்திட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஆலோசகர்கள் தங்களுக்கு வசதியான வரியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

உண்மையில் இரண்டு நாடுகளும் பாடத்தை அடுக்குகிற முறை வேறு. நாம் வருடா வருடம் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி பரிமாறுகிறோம். அவர்கள் ஒரு வருடம் முழுக்க ஒரே பண்டம் போடுகிறார்கள். அதனால் ஒரு தேதியில் நிறுத்திப் பார்த்தால், எந்தப் பிள்ளையிடமும் சில பாடம் கூடுதலாகவும் சில பாடம் குறைவாகவும் இருக்கும்.

உங்கள் மகளிடம் கூடுதலாக இருப்பது என்ன? மடக்கை, அதாவது லாகரிதம். நம் 10-ம் வகுப்பில் அது இல்லை. சார்புகளின் வரைபடங்களை நகர்த்துவது, கலப்பெண்கள், ரேடியன் அளவு, அலகு வட்டம் இவையும் அல்ஜீப்ரா 2-ல் வந்துவிடும். அதனால் 11-ம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தில் முக்கோணவியல் சார்புகள், கலப்பெண்கள் இரண்டும் அவளுக்குப் பாதி தெரிந்த பாடம். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு ரேடியன், அலகு வட்டம், கலப்பெண்கள் எல்லாம் புதிது.

குறைவாக இருப்பது: முக்கோணவியல் முற்றொருமைகளை வரி வரியாக நிரூபிப்பது, கூட்டுத்தொடர் வரிசையில் நம் பாணிக் கணக்குகள், தொகுக்கப்பட்ட விவரங்களுக்குச் சராசரி, இடைநிலை காண்பது. எல்லாமே கிளம்புவதற்கு முன் சில வாரங்களில், ஒரு 10-ம் வகுப்பு என்சிஇஆர்டி புத்தகத்தோடு முடிகிற வேலை. புத்தகம் என்சிஇஆர்டி தளத்தில் இலவசம். 90,000 ரூபாய்க்கு அவர்கள் நடத்தப்போவதும் இதே புத்தகம்தான், மேலே புது அட்டை போட்டு.

கவலைப்பட வேண்டியது பாடத்தைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. அங்கே பிள்ளைகள் கால்குலேட்டரோடு வளர்கிறார்கள். அங்கே கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் டிஜிட்டல் எஸ்ஏடி தேர்வில் கணிதப் பகுதி முழுக்கத் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. இங்கே 12-ம் வகுப்பு முடியும் வரை கணிதத் தேர்வில் அதைத் தொடவே முடியாது. ஏ கிரேடு வாங்கிய பிள்ளை, 7/12-ஐயும் 5/18-ஐயும் கூட்டச் சொன்னால் தயங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அறிவுக் குறைவு இல்லை, பழக்கம் இல்லை. மூன்று மணி நேரத் தாளில் இந்தத் தயக்கங்கள் சேர்ந்து கடைசி இரண்டு பெரிய கணக்குகளை விழுங்கிவிடும்.

இன்று வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். சிபிஎஸ்இ தளத்தில் 10-ம் வகுப்பு மாதிரி வினாத்தாள், மதிப்பெண் வழங்கும் முறையோடு இருக்கும். ‘பேசிக்’ தாள் வேண்டாம், ‘ஸ்டாண்டர்ட்’ தாளை எடுங்கள். 80 மதிப்பெண், மூன்று மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது. திருத்தும்போது தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் கணக்கிடுவதில் தடுக்கியது, விடை சரி ஆனால் படிகளை எழுதாதது. முதல் முயற்சியிலேயே 50-க்கு மேல் வந்தால் நிம்மதியாக இருங்கள். 40-க்குக் கீழே வந்து, பெரும்பாலானவை முதல் வகைத் தவறு என்றால் மட்டும் டியூஷன் தேடுங்கள். அதுவும் தெருமுனையில் இருக்கும் ஒரு நல்ல கணித ஆசிரியர் போதும்.

பாட வித்தியாசத்தைவிட நாள்காட்டிதான் உங்களைப் படுத்தும். அங்கே ஜூன் கடைசியில்தான் பள்ளி முடிகிறது. சிபிஎஸ்இ கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கிவிடும். நீங்கள் வந்து இறங்கும்போது கணங்கள், உறவுகளும் சார்புகளும், முக்கோணவியலில் ஒரு பகுதி போயிருக்கலாம். எவ்வளவு முடிந்தது என்று பள்ளியிடம் இப்போதே கேட்டு, மே மாதத்திலேயே அந்தப் பாடங்களை வீட்டில் தொடங்கிவிடுங்கள்.

அப்புறம் இயற்பியல். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 11-ம் வகுப்பு இயற்பியல், நேர்கோட்டு இயக்கம் வந்த உடனே வகையிடலை, அதாவது கால்குலஸின் டிஃபரென்சியேஷனைக் கேட்கும், அடுத்தபடியாக வெக்டரைக் கேட்கும். கணிதப் புத்தகத்திலோ எல்லையும் வகைக்கெழுவும் 11-ன் பின்பகுதியில்தான் வருகின்றன. வெக்டர் 12-ல். ஒரே அமைப்பு வெளியிடுகிற இரண்டு புத்தகங்கள், ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை. வருடா வருடம் பிள்ளைகள் ‘எனக்கு பிசிக்ஸ் வராது’ என்று அழுவதில் பாதி இதனால்தான், மாற்றத்தான் யாருக்கும் மனமில்லை. உங்கள் மகள் மட்டுமல்ல, இங்கேயே படித்த பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, வகையிடல், தொகையிடலின் அடிப்படைச் சூத்திரங்கள் பத்தும் வெக்டர் கூட்டலும் சொல்லிக்கொடுங்கள்.

இனி காகிதங்கள். நம் பள்ளிகள் ‘டிசி எங்கே’ என்று கேட்கும். அமெரிக்கப் பள்ளி அப்படி ஒரு காகிதத்தைக் கேள்விப்பட்டிருக்காது. அவர்கள் தருவது டிரான்ஸ்கிரிப்டும், பள்ளியிலிருந்து விலகியதற்கான கடிதமும். அதிகாரப்பூர்வ முத்திரையோடு இரண்டு மூன்று பிரதிகள் வாங்கி, தேவையானால் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்றொப்பம்) செய்துகொண்டு கிளம்புங்கள். விமானம் ஏறிய பிறகு, கோடை விடுமுறையில் அந்தப் பள்ளி அலுவலகத்தில் போன் எடுக்க ஆள் இருப்பது சந்தேகம். வெளிநாட்டுப் படிப்பு நம் 10-க்குச் சமம்தானா என்று சிபிஎஸ்இயிடம் கேட்க வேண்டியது நீங்கள் சேரும் பள்ளியின் வேலை. எந்த ஏஜென்ட்டும் அதை ‘உள்ளே ஆள் வைத்து’ வாங்கித் தர முடியாது. ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) சமநிலைச் சான்றிதழ் என்று சொல்லி இன்னொரு கட்டணம் கேட்பார்கள். அது வெளிநாட்டில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் இங்கே கல்லூரியில் சேரும்போது பார்ப்பது. 11-ல் சேர அதைக் காட்டிப் பணம் கேட்பவர், ஒன்று தெரியாதவர், இல்லை உங்களுக்குத் தெரியாது என்று தெரிந்தவர்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதை வாசிக்கும் வட கரோலினா, யூட்டா குடும்பங்களுக்குத் தேவை. அந்த மாநிலங்களில் அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி என்று தனித்தனியாகப் பிரிக்காமல், கலந்து மேத் 1, மேத் 2, மேத் 3 என்று நடத்துகிறார்கள். டிரான்ஸ்கிரிப்டில் ‘மேத் 2’ என்று மட்டும் இருக்கும். நம் பள்ளி அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, ‘ஜியோமெட்ரியே படிக்கவில்லையே, இரண்டாம் நிலைதானே முடித்திருக்கிறது’ என்பார்கள். தவறு. மேத் 2 முடித்த பிள்ளை கொஞ்சம் ஜியோமெட்ரியும் கொஞ்சம் அல்ஜீப்ராவும் படித்திருக்கிறது, எதையும் முழுதாக முடித்திருக்காது. வட கரோலினாவில் மடக்கையும் வட்டத் தேற்றங்களும் மேத் 3-க்குப் போகின்றன. யூட்டாவில் அடுக்கு கொஞ்சம் மாறும். அதனால் ‘மேத் 2’ முடித்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பாடங்கள் தெரியும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இப்படிப்பட்ட குடும்பங்கள், பள்ளி கவுன்சலரிடம் அந்தப் படிப்பின் பாட விவரத்தை எழுத்தில் வாங்கி, டிரான்ஸ்கிரிப்டோடு பின் அடித்துக் கொடுங்கள். படிப்பின் பெயரைப் பேசாதீர்கள், உள்ளே இருக்கும் பாடப் பட்டியலைப் பேசுங்கள். இந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைத்தான் ஒரு வகுப்பு கீழே தள்ளிவிடும் ஆபத்து அதிகம், ஏஜென்ட்டுகளும் இவர்களைத்தான் முதலில் குறிவைப்பார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேர்க்கைப் படிவத்தில் ‘மேத்தமேடிக்ஸ்’ என்றே நிரப்புங்கள். பக்கத்தில் ‘அப்ளைடு மேத்தமேடிக்ஸ்’ என்று ஒன்று இருக்கும். ‘வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இது எளிது’ என்று அன்பாகச் சொல்வார்கள். அது வணிகவியல் பக்கம் போகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட பாடம். பொறியியல் என்றால் அதைத் தொடாதீர்கள்.

‘பள்ளிக்கே போகவேண்டாம், பெயரை மட்டும் பதிவு செய்கிறோம், நாள் முழுக்க ஜேஇஇ கோச்சிங்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிபிஎஸ்இ 75 சதவீத வருகை கேட்கிறது. இப்படிப் போலி மாணவர்களை வைத்திருந்ததற்காக டெல்லியிலும் ராஜஸ்தானிலும் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை 2024 நவம்பரில் ரத்து செய்தது. புது ஊரில், புது முறையில் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்கு வகுப்பறைதான் முதல் தேவை.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் 200-க்கான கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது. எனவே 12-ம் வகுப்புக் கணித மதிப்பெண்தான் அவளுக்குப் பெரிய சொத்து. ஒரு காகிதம் மட்டும் இதில் முக்கியம்: 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளைகளுக்கு நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். கவுன்சலிங் நெருக்கத்தில் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடாமல், வந்து இறங்கிய முதல் விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மகளிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் கவுன்சலிங் விதிகளே வேறு. அப்படியென்றால் அதை மட்டும் தனியாக எழுதிக் கேளுங்கள்.