மனநலப் பணியாளருக்கே மனச்சோர்வு வந்தால்: மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். சில மாதங்களாக விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. விடுப்பு எடுத்தும் எதிலும் நாட்டமில்லை. வேலைக் களைப்புதானே, டாக்டர்?

பதில்: விடுப்பிலும் நாட்டம் திரும்பவில்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு, வேலையால் வரும் சோர்வை நோயாகக் கொள்ளாமல் பணிச்சூழலுக்கு மட்டும் உரிய நிலையாகவே வைத்திருக்கிறது. மனச்சோர்வு நோயோ பணி முடிந்து வீடு திரும்பிய பிறகும் விடுவதில்லை. நாட்டமின்மையும் தூக்கக் கேடும் குற்ற உணர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வை அளக்க நோயாளிகளுக்கு நீங்கள் தரும் பிஎச்கியூ-9 கேள்விப் படிவத்தைத் தனியாக உட்கார்ந்து நிரப்பாதீர்கள். எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரிந்தவரின் கை, ‘பெரும்பாலான நாட்கள்’ என்பதை விட்டுச் ‘சில நாட்கள்’ என்பதில் போய் நிற்கும். உங்களோடு பணிபுரியாத ஒரு மருத்துவர் கேட்க, நீங்கள் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: கிளினிக்கில் இருக்கும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தை நானே தொடங்கலாமா?

பதில்: கூடாது. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு மனம் பொங்கிய நாட்கள் உண்டா என்று உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மனப் பொங்கலும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு இம்மருந்தை மட்டும் கொடுத்தால் அந்தப் பொங்குநிலையையே அது கிளப்பிவிடக்கூடும். வெளியே ஒரு மருத்துவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருத்துவ விடுப்பால் என் பணிப்பதிவுக்குப் பாதிப்பு வருமா?

பதில்: இது சட்டக் கேள்வி, உங்கள் பதிவு மன்றத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஆலோசனைக்கு வருபவரிடம் என் நோயைச் சொல்லலாமா?

பதில்: நோய் தணியாத காலத்தில் சொல்லாதீர்கள்.

மறுப்பு (ஓர் உளவியலாளர்): நாமே மறைத்தால் மனநோயைப் பற்றிய களங்கம் எப்படி நீங்கும், ஐயா?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, சக பணியாளர்களிடமும் பொது மேடையிலும் பேசத்தான் வேண்டும். இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (டிபிடி) என்ற உளவியல் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினெஹன், பதின்வயதில் தாம் நோயாளியாக இருந்த மருத்துவமனைக்கே 2011-இல் சென்று, கூடியிருந்தோர் முன் தம் கதையைச் சொன்னார். ஆனால் அது மேடை. சிகிச்சை அறை அல்ல. அறையில் நீங்கள் சொன்ன மறுவாரம், வந்தவர் முதலில் உங்கள் நலத்தை விசாரிப்பார். தற்கொலை எண்ணத்தைச் சொன்னால் உங்களுக்குப் பாரமாகுமோ என்று விழுங்கிவிடுவார். நம் களங்கத்தைப் போக்கும் வேலையை அவர் தலையில் ஏற்றக்கூடாது.

மீண்டும் அவர்: கேட்டால் பொய் சொல்வதா?

பதில்: வேண்டாம். “இந்த நேரம் உங்களுக்கானது” என்பது பொய்யல்ல.

கேள்வி: நான் இந்த வேலைக்குத் தகுதியானவர்தானா?

பதில்: இதையே பலரும் கேட்டுவிட்டீர்கள். தகுதியை நோய் தணிந்த பிறகு எடைபோடுங்கள்; இப்போது சிகிச்சை, அதுவும் வெளி மருத்துவரிடம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தவர் மட்டும் வெளி மருத்துவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்: இன்றே பணியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: மருந்தால் குணமாகிவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: முதல்முறை வந்த நோய் என்றால், குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். சட்டென நிறுத்தினால் தலைச்சுற்றலும் மின்னதிர்ச்சி போன்ற உணர்வும் வரக்கூடும். அளவைப் படிப்படியாகக் குறைப்பதை மருந்து எழுதியவரே முடிவு செய்யட்டும்.