களி முழுங்குற பழக்கத்துல ஒட்டுச்சோறு சாப்டாதீங்க

கேள்வி: அக்கா வணக்கம், நான் பாலக்கோடு பக்கம். பையன் பெங்களூர்ல வேலை பாக்குறான், கூட வேலை செய்ற தாய்லாந்து பொண்ணு ஒண்ணு (ஃப்ரெண்டு மட்டுந்தான்னு சத்தியம் பண்றான், நானும் நம்பிட்டேன்) ஏப்ரல் மாசம் அவங்க புதுவருஷத்துக்கு எங்க ரெண்டு பேரையும் ஊருக்குக் கூப்பிட்டிருக்கு. உடான் தானி பக்கம் கிராமமாம். நான் கோழி, ஆடு, மீன் சாப்டுவேன், மாடு பன்னி ஆகாது, வெள்ளிக்கிழமைன்னா கவுச்சியே தொட மாட்டேன். அவங்க வீட்ல உக்காந்துட்டு இதெல்லாம் சொன்னா தப்பா நெனைப்பாங்களா? குச்சிலதான் சாப்டணுமா? என்ன வாங்கிட்டுப் போறது?

பதில்: குச்சி பயத்த மொதல்ல விடுங்கம்மா. அங்க குச்சி நூடுல்ஸுக்குத்தான், சோத்துக்கு ஸ்பூனும் முள்கரண்டியும். அதுலயும் நீங்க போற வடகிழக்குப் பக்கத்துக்கு ஈசான்னு பேரு, நம்ம வாஸ்துக்காரர் சொல்ற ஈசான மூலை இருக்கே அதே வார்த்தைதான், அந்தப் பக்கம் கையாலதான் சாப்பாடு.

நான் ஒரு தடவ இதே பண்டிகைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்ல மூணு நாள் இருந்தேன். அவங்க சாப்டறது ஒட்டுற அரிசி. ராத்திரியே ஊறப்போட்டு காலையில கூம்பு மாதிரி மூங்கில் கூடையில கொட்டி பானை மேல வச்சு ஆவியில வேக வைக்கிறாங்க, வெந்ததும் மூடி போட்ட சின்ன மூங்கில் டப்பாவுக்குப் போயிடும், அதுக்குப் பேரு கிரத்திப். அதுலருந்து நெல்லிக்காய் அளவு பிச்சு விரல்லயே உருட்டி, காரச் சட்னில தொட்டு வாயில போடணும். உருட்டித் தொட்டு சாப்டறதுதானே, களி சாப்ட்டு வளந்த எனக்கு சொல்லித் தரணுமான்னு ஒரு திமிரு. மொத உருண்டைய தொட்டேன், களி மாதிரியே மெல்லாம முழுங்கிட்டேன். பாதி நெஞ்சுல நின்னுடுச்சு! கண்ணுல தண்ணி, பேச்சு வரல, அந்த வீட்டுப் பாட்டி ஓடியாந்து முதுகுல நாலு சாத்து சாத்தி தண்ணி குடுத்தாங்க. அப்புறம் ஊருக்குக் கெளம்புற வரைக்கும் நான் சோத்துல கை வச்சாலே அந்தம்மா என் மூஞ்சிய பாத்து மாடு அசை போடற மாதிரி வாய ஆட்டிக் காமிப்பாங்க, வீடே சிரிக்கும். அதனால மெல்லுங்கம்மா. சோறு எடுத்ததும் அந்த டப்பாவ மூடிடுங்க, தொறந்தே கெடந்தா காஞ்சு போயிடும்.

இப்ப கவுச்சி விஷயம். சொன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க, ஆனா பாயில உக்காந்தப்புறம் சொல்றதுதான் தப்பு. லாப்னு ஒரு அயிட்டம் கண்டிப்பா வரும், கறிய பொடிசா கொத்தி எலுமிச்சை, புதினா, வறுத்த அரிசிப் பொடி போட்டுக் கலக்கறது, அது மாடாவும் இருக்கலாம் பன்னியாவும் இருக்கலாம். பண்டிகைக்குன்னு காசு போட்டு வாங்கி செஞ்சு வச்சப்புறம் வேண்டாம்னா அவங்களுக்குத்தான் சங்கடம். அந்தப் பொண்ணையே இப்பவே அவங்கம்மாவுக்கு போன் பண்ண சொல்லுங்க.

பண்டிகை நாளான ஏப்ரல் 13, 14, 15ல வெள்ளிக்கிழமை வருதான்னும் காலண்டர பாத்துடுங்க, ஏன்னா காய்கறின்னு நெனைச்சு சாப்டறதுல கூட மீன் இருக்கும். அவங்களுக்கு நமக்கு உப்பு மாதிரி நம் பிளா, அப்படின்னா மீன் தண்ணி, மீன உப்புல ஊற வச்சு எடுக்கற சாறு. ஈசான் பக்கம் இன்னும் ஒரு படி மேல, மீன உப்பும் அரிசித் தவிடும் போட்டு மாசக்கணக்குல புளிக்க வச்ச பிளா ராவும் உண்டு, வாசனை நம்ம கருவாட்டுக்கே அண்ணன். கறி போடாதீங்கன்னா கறி போட மாட்டாங்க, இத கறி கணக்குலயே சேக்க மாட்டாங்க. அதனால மீன் தண்ணியும் வேண்டாம்னு தனியா சொல்லணும். நான் சொல்லியிருந்தேன், பாட்டி அதுக்குன்னே உரல கழுவிட்டு எனக்கு மட்டும் வெறும் உப்பு போட்டு பப்பாளிக்காய் இடிச்சுக் குடுத்தாங்க.

பண்டிகை பேரு சோங்கிரான், நம்ம சங்கராந்திங்கற வார்த்தைதான். சூரியன் மேஷத்துக்குப் போற கணக்கு, நமக்கு சித்திரை 1, அவங்களுக்கு ஏப்ரல் 13லருந்து 15 வரைக்கும். டிவில காட்டற மாதிரி ரோட்ல பைப் வச்சு அடிக்கறதும் உண்டு, செல்போன பிளாஸ்டிக் கவர்ல போட்டுக்கோங்க. ஆனா வீட்டுக்குள்ள நடக்கறது வேற. பெரியவங்கள வரிசையா உக்கார வச்சு, பூ போட்ட வாசனைத் தண்ணிய சின்னவங்க அவங்க உள்ளங்கையில மெதுவா ஊத்துவாங்க, அவங்க வாழ்த்துவாங்க. உங்க வயசுக்கு உங்களையும் வரிசைல உக்கார வச்சுடுவாங்க, பதறாம கைய நீட்டுங்க. அந்தப் பொண்ணு ஊத்தும்போது நீங்களும் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க, தமிழ்ல சொன்னாலே போதும். பெரியவங்க, புத்தர் சிலை இருக்கற பக்கம் கால நீட்டாதீங்க, சின்னப் பசங்கன்னாலும் தலைய தொடாதீங்க. மணிக்கட்டுல வெள்ள நூல் கட்டினா குறைஞ்சது மூணு நாள் கழட்டக் கூடாது.

வாங்கிட்டுப் போக, பெரியவங்களுக்கு அந்த நாள்ல துணி குடுக்கறது அங்க வழக்கம், நல்ல காட்டன் துண்டு ரெண்டு வாங்குங்க. பாக்கெட் போட்ட நிப்பட்டு கொஞ்சம். மாம்பழம், செடி, விதை எதுவும் வேண்டாம், ஏர்போர்ட்ல தொல்லை. புளியும் வேண்டாம், அவங்க பெச்சபூன்ல வெளையற இனிப்புப் புளி முன்னாடி நம்ம கிருஷ்ணகிரி புளி வெக்கப்பட்டுக்கும்.

பேங்காக்லருந்து உடான் தானி சுமார் 560 கிலோமீட்டர். அந்த வாரம் பேங்காக்ல வேலை பாக்குற ஈசான்காரங்க அத்தன பேரும் ஊருக்குக் கெளம்புவாங்க, நம்ம தீபாவளி பஸ் கதைதான். டிக்கெட்ட மொதல்லயே போடச் சொல்லுங்க உங்க பையன, ஃப்ரெண்டு மட்டுந்தானே, நிதானமா போடுவான்!

கேள்வி: அக்கா, காவேரிப்பட்டணத்துலருந்து எழுதறேன். பசங்க அந்த தாய்லாந்து பப்பாளிக்காய் சாலட் கேட்டு உயிர வாங்குதுங்க. வீட்ல வருமா?

பதில்: வரும். நல்ல பச்சைக் காயா பாத்து, தோல் சீவி, கழுவி பால் போனதும் கையில புடிச்சுக்கிட்டு கத்தியால நெடுக கொத்திக் கொத்தி சீவணும், துருவினா கொழகொழன்னு ஆயிடும். உரல்ல பூண்டு, பச்சமொளகா, உப்பு, பனைவெல்லம், அப்புறம் காராமணிக்காய், தக்காளி, கடைசில பப்பாளி, எலுமிச்சை. வறுத்த வேர்க்கடலை மேல தூவுங்க. உலக்கையால இடிக்காதீங்க, லேசா நசுக்கி கரண்டியால பொரட்டுங்க. பசங்களுக்கு மொளகா ஒண்ணே போதும், அங்க பத்து போடறாங்கன்னு அதுங்க யூடியூப்ல பாத்துட்டு வந்து சொல்லும், கேக்காதீங்க.