கேளுங்கள், சொல்கிறோம்: பேக்மேன் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் மூடிக்கிடக்கும் ஒரு விளையாட்டு அரங்கில் இருந்து பேக்மேன் இயந்திரம் விலைக்கு வருகிறது. ‘1980 ஒரிஜினல், கிடைக்காத சரக்கு’ என்று ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: ‘கிடைக்காத சரக்கு’ என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பேய்களிடம் சிக்காமல் வழிகளில் ஓடிப் புள்ளிகளைத் தின்னும் இந்த ஆட்டத்தை ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்டது. அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் செய்து விற்றதே ஒரு லட்சம் பெட்டிகளை ஒட்டி வரும். வயதுக்கோ பெயருக்கோ இங்கே விலை இல்லை. பெட்டி, போர்டு (ஆட்டத்தை இயக்கும் மின்னணுப் பலகை), திரை மூன்றும் தொழிற்சாலையில் சேர்ந்தபடியே இன்னும் சேர்ந்திருக்கின்றனவா என்பதற்குத்தான் விலை.

போகும்போது மல்டிமீட்டரும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். அசல் அமெரிக்கப் பெட்டி என்றால் பின்புறம் மிட்வே பெயரும் வரிசை எண்ணும் உள்ள தகடு இருக்க வேண்டும். பக்கப் பலகைப் படம் மஞ்சள் பூச்சின் மேல் பெயின்டாக அடிக்கப்பட்டது. விரல் நகத்துக்கு ஸ்டிக்கர் விளிம்பு தட்டுப்பட்டால் அது பிற்காலத்து ஒட்டுவேலை.

அடுத்து போர்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்கதவைத் திறந்து பாருங்கள். அசல் போர்டில் 44 முனை விளிம்பு கனெக்டர். 56 முனை இருந்தால் உள்ளே இருப்பது பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்த பிற்காலப் போர்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்; ‘ஒரிஜினல்’ பேச்சு அங்கேயே முடிந்தது. 44 முனை இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள், நகல்களுக்கும் அதுவே. மிட்வே போர்டில் ஆட்டத்தின் மூளையான இசட்80 பிராசஸர் சிப்போடு, சாக்கெட்டில் செருகிய சின்னத் துணைப்போர்டுகள் இரண்டு இருக்கும். நகல் செய்தவர்கள் வழக்கமாக அந்தத் துணைப்போர்டுகளின் வேலையைச் சாதாரண ஐசிக்களை வைத்து முடித்திருப்பார்கள். ஆட்டத்தை ஓடவிட்டால், திரையில் மிட்வே பெயர் வர வேண்டும். பெரிய புள்ளியைத் தின்றதும் சுவர்கள் மறைந்தால் அது ‘ஹேங்லிமேன்’ என்ற நகல்.

இந்தப் போர்டின் நிரந்தர வியாதி அந்த விளிம்பு கனெக்டர்தான். பெரும்பாலான ஆட்டப் போர்டுகளுக்கு 5 வோல்ட் டிசி வெளியிலிருந்தே வரும். இதற்கோ சுமார் 7 வோல்ட் ஏசி வந்து, போர்டிலேயே டிசியாக மாறுகிறது. அத்தனை ஆம்பியரும் சில முனைகள் வழியாகவே போவதால், பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் சூடேறிக் கருகும். முனைகள் கறுத்திருந்தால் விலையைத் தாராளமாகக் குறைக்கச் சொல்லுங்கள். சரிசெய்ய, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புது 44 முனை கனெக்டர் போட வேண்டும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், செம்பே போய்விடும்.

திரை முழுக்கக் குப்பை எழுத்து வந்து திரும்பத் திரும்ப ரீசெட் ஆனால் ‘போர்டு செத்துவிட்டது’ என்பார்கள். பாதி நேரம் அப்படி இருக்காது. இசட்80இன் 11ஆம் கால், 29ஆம் கால் இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள், 4.9 முதல் 5.1 வரை இருக்க வேண்டும். குறைந்தால் மின்பகுதியைப் பாருங்கள். சரியாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆட்டம் பதிந்திருக்கும் ரோம் சிப்புகளைக் கழற்றி, கால்களைத் துடைத்து, அதே இடத்தில் செருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அடுத்த சந்தேகம் தற்காலிக நினைவகமான ராம் சிப்புகள்.

அமெரிக்கப் பெட்டியை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகிவிடாதீர்கள். 115 வோல்ட்டுக்கு இறக்கும் 300 விஏ டிரான்ஸ்ஃபார்மர் போதும். பெட்டிக்குள் இருக்கும் அசல் டிரான்ஸ்ஃபார்மரையும் தவிர்க்காதீர்கள். திரையின் சேஸிஸை (உள்சட்டத்தை) வீட்டு மின்சாரத்திலிருந்து நேரடித் தொடர்பில்லாமல் பிரித்து வைப்பது அதுதான். அது இல்லாமல் தொட்டால் ஷாக் நிச்சயம். பிக்சர் டியூப்பின் உயர் அழுத்தம் அணைத்த பிறகும் தங்கியிருக்கும். அதைப் பழைய டிவி மெக்கானிக்கிடம் விடுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆட்டம் மெதுவாகுமா என்ற பயம் வேண்டாம்; வேகத்தைத் தீர்மானிப்பது போர்டிலுள்ள 18.432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்.

எல்லாம் அசல், ஆட்டமும் ஓடுகிறது என்றால் பேரத்துக்கு உட்காருங்கள். உள்ளூர் பிளைவுட் பெட்டியில் நகல் போர்டு என்றால், ஒன்றரை லட்சம் என்பது அநியாயம்.

கேள்வி: அப்பா வாங்கிய, வீட்டு டிவியில் ஆடும் அட்டாரி 2600 கருவிக்கான பேக்மேன் கேசட் அட்டைப்பெட்டியோடு இருக்கிறது. நல்ல விலை போகுமா?
– ஆரணி வாசகர்

பதில்: போகாது. 1982இல் வந்து 70 லட்சத்துக்கு மேல் விற்றது. பேய்கள் மினுக் மினுக்கென்று மறைந்து தெரிவதால் அன்றைக்கே திட்டு வாங்கியது. பிரிக்காத, சீல் உடையாத பெட்டி என்றால் மட்டும் சேகரிப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தொலைக்காட்சியில் செருகும் மஞ்சள் ‘9999 இன் 1’ கேசட்டில் உள்ள பேக்மேனுக்கும் இதே பதில்தான், இன்னும் அழுத்தமாக.

கேள்வி: மாடியில் தகரக் கூரை அறையில் இயந்திரத்தை வைக்கலாமா?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: வேலூர் வெயிலுக்கா? வேண்டவே வேண்டாம். திரைச் சுற்றிலுள்ள, திரவம் அடங்கிய எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் சீக்கிரம் வறண்டு, படம் சுருங்கும், ஆடும். தரைத்தளத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் பலகையின் அடி விளிம்பை மாதம் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் கரையான்.

கேள்வி: பேக்மேன் ஆடும்போது திருப்பத்தில் எப்போதும் பேயிடம் மாட்டிக்கொள்கிறேன். கைப்பிடி கோளாறா?
– காட்பாடி வாசகர்

பதில்: இருக்கலாம். இந்த ஆட்டத்துக்கு நான்கு திசைக் கைப்பிடிதான் சரி. எட்டுத் திசைக் கைப்பிடி மூலைவாட்டில் நின்றுவிட்டால் திருப்பம் தவறிவிடும். அடியிலுள்ள தடுப்புத் தகட்டை நான்கு திசைக்கு மாற்றுங்கள். கைப்பிடி சரியென்றால், திருப்பம் வருவதற்குச் சற்று முன்பே திசையைத் தள்ளிப் பிடியுங்கள். பேக்மேன் மூலையைக் குறுக்கே வெட்டித் திரும்பும், பேய்களால் அது முடியாது. துரத்தல் நெருங்கினால் புள்ளி தீர்ந்த பாதையில் ஓடுங்கள், ஒவ்வொரு புள்ளியைத் தின்னும்போதும் நம் வேகம் ஒரு துளி குறைகிறது. பக்கச் சுரங்கத்தில் பேய்கள் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும்.